பாஸ்டன் சைக்கிள் பட்டறை: கோடைக் குறிப்புகள்

ஜூலை 9, 2024, செவ்வாய்

புதுக் குழு வந்துவிட்டது. ஒன்பது பிள்ளைகள், வயது 13 முதல் 16 வரை. முக்கால்வாசிப் பேர் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பக்கம்.

எங்களுடையது லாபம் பார்க்காத பட்டறை. அக்கம்பக்கத்தார் கொடுத்துவிட்டுப் போகும் பழைய சைக்கிள்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்து, பிரித்து, துடைத்து, பூட்டி முடித்தால் அந்த வண்டி அவர்களுக்கே சொந்தம். பணம் கட்ட வேண்டாம். இதே ஊரில் பைக்ஸ் நாட் பாம்ஸ் அமைப்பு 1990 வாக்கிலேயே இப்படிச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டது. அது தொடங்கிய ஆண்டு 1984. நிகரகுவா அரசுக்கு எதிராகப் போரிட்டவர்களுக்கு அமெரிக்கா ஆயுத உதவி செய்த காலம். அது பிடிக்காதவர்கள் அந்த நாட்டு மக்களுக்குச் சைக்கிள் அனுப்பினார்கள். ‘குண்டு வேண்டாம், சைக்கிள் போதும்’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

வகுப்பெடுப்பது 17 வயதுப் பெண். இரண்டு வருடம் முன்பு இதே மேஜையில் மாணவியாக நின்றவள். இப்போது சம்பளத்துக்குச் சொல்லித்தருகிறாள். நான் அவளுக்கு உதவியாள்.

ஜூலை 11, வியாழன்

பெடல் கழற்றும் பாடம். வலது பெடல் எல்லா மரையையும் போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

13 வயதுப் பையன் ஒருவன், அதிகம் பேசாதவன், இடது பெடலைத் தப்பான பக்கம் முறுக்கி இறுக்கிக்கொண்டே போனான். பார்க்கப் பொறுக்காமல் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி நானே திருப்பிக் காட்டிவிட்டேன். அவன் ஒதுங்கி நின்றுவிட்டான். வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “அடுத்த தடவை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை” என்றாள். சரிதான் என்று பட்டது. சின்ன வயதில் சைக்கிள் கடை வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி, ஒரு நட்டைக்கூட நானாகக் கழற்றியதில்லை.

ஜூலை 18, வியாழன்

பஞ்சர் ஒட்டினோம். ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பாடு.

ஜூலை 30, செவ்வாய்

மனசு சரியில்லை. முடிந்த வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க ஒரு பையன் பக்கத்துத் தெருவில் இறங்கினான். முன் பிரேக்கை அழுத்தியதும், கம்பியைப் பிடித்திருந்த போல்ட் சரியாக இறுகாததால் கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வேலியில் மோதி முழங்கையில் நல்ல சிராய்ப்பு. ஹெல்மெட் போட்டிருந்தான். அந்தத் தெருவில் வண்டி எதுவும் வராதது எங்கள் நல்ல காலம்.

‘சரி, ஓட்டலாம்’ என்று சொன்னது அவள்தான். பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தாளே தவிர, முழு பலத்தோடு அழுத்திப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “பிரேக்கை நான் சரியாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது” என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் எதையும் மழுப்பவில்லை. அடிபட்ட பையனிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், இனி என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள். ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்ட வேண்டும். வேலை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வண்டியைத் தொடாத இன்னொருவர் பிரேக், சக்கரம், பெடல் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டலாம். அவள் வேலைக்கும் இதே விதிதானா என்று பேசாத பையன் கேட்டான். “முதலில் எனக்குத்தான்” என்றாள்.

ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். புதுக்கோட்டையில் 1991-92-ல் அறிவொளி இயக்கமும் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய நாட்களில் அம்மாவும் கற்றுக்கொண்டவர். “எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாசம் முன்னாடி கத்துக்கிட்ட பொண்ணுதான்டா தம்பி. அவ விழுந்தது அவளுக்கு மறக்கல. அதான் எங்க பிடிக்கணும்னு தெரிஞ்சுது” என்றார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடைசி நாள். ஒன்பது பேரும் அவரவர் வண்டியில் சவுத்வெஸ்ட் காரிடார் பாதையில் போனோம். நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்த இடம் இது. மக்கள் போராடி அந்தச் சாலையை நிறுத்தினார்கள். 1987-ல் ஆரஞ்சு லைன் ரயில் இங்கே வந்தது. அதை ஒட்டி இந்தப் பூங்காவும் சைக்கிள் பாதையும் அமைந்தன.

வழியில் ஒரு பெரியவர் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே பேசாத பையன் இறங்கினான். டயரின் உட்பக்கம் விரலால் தடவி ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தான். ஒட்டினான், காற்றடித்தான். கையைப் பின்னால் கட்டியபடி அவள் ஓரமாக நின்றாள், நானும்தான். பெரியவர் ஏறப் போனார். “கொஞ்சம் இருங்கள்” என்று அவர் பிரேக் இரண்டையும் முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தான். பிறகு, முழங்கையில் இன்னும் தழும்பு மறையாத அந்த இன்னொரு பையனைக் கூப்பிட்டு, “நீயும் ஒரு தடவை பார்” என்றான்.