பொட்டாலக்கில் களிம்பு பார்க்கப் போவது

பொட்டாலக்குக்கு வருகிற கூட்டம் வண்டியை நிறுத்தியதும் நேராகப் பாறை விளிம்புக்குப் போய்விடும். கீழே கடலை ஒட்டி இரண்டு கல் கட்டடங்கள். அட்லாண்டிக் அலை அவற்றுக்குக் கொஞ்சம் கீழே வந்து மோதும். பழைய சுரங்கத்தின் நீராவி எஞ்சின்கள் இருந்தவை, கிரவுன்ஸ் எஞ்சின் வீடுகள் என்று பெயர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்தபிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அழகான இடம்தான். ஆனால் அங்கே போனால் என் கண் தரையை விட்டு எழாது. “எதைத் தொலைச்சே?” என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவருக்கு எஞ்சின் வீடு, எனக்குக் களிம்பு, அதாவது செம்பில் ஏறும் பச்சை.

நான் இங்கிலாந்தின் கார்ன்வாலில், ட்ரூரோ நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவள் விடுமுறையிலும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதை எங்கள் வீட்டில் யாரும் நியாயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

கார்ன்வாலின் மேற்கு முனையில் செயின்ட் ஜஸ்ட் என்ற சிற்றூர். அதன் பக்கத்துக் கடலோரக் குக்கிராமம் பொட்டாலக். அந்தக் கரையின் கற்களைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். உள்பக்கம் லேண்ட்ஸ் எண்ட் கிரானைட், சுமார் 27 கோடி ஆண்டு வயது. கடல் பக்கம் அதைவிட மூத்த களிப்பாறையும் எரிமலைப் பாறையும். உள்ளூரில் களிப்பாறைக்குக் கில்லாஸ் என்று பெயர். கிரானைட் உருகிய குழம்பாக மேலேறி வந்து இவற்றைச் சுட்டது. அப்புறம் வெந்நீர் விரிசல்களில் புகுந்து செம்பையும் வெள்ளீயத்தையும் ஆர்சனிக்கையும் அங்கே விட்டுப் போனது. அந்தத் தாது நரம்புகள் கரையோடு நிற்காமல் கடலுக்கடியில் ஓடின. சுரங்கக்காரர்களும் அவற்றின் பின்னாலேயே போனார்கள்.

கடலடியில் பல நூறு மீட்டர் தூரம் வெட்டியிருக்கிறார்கள். புயல் நாட்களில் தலைக்கு மேல் அலை பாறாங்கற்களை உருட்டுகிற சத்தம் கேட்கும் என்று அந்தக் காலத்தில் உள்ளே போய்வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்குவதற்குச் சாய்வான ஒரு குழி இருந்தது. 1863இல் அதில் இழுவைப்பெட்டியின் சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் செத்தார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1865இல், வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அதே குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு என்னவோ செய்யும். சுரங்கம் 1895இல் மூடியது. பிறகு 1907இல் திறந்து 1914வரை ஓட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ 14,500 டன், செம்புத்தாது 20,000 டன் வெளியே வந்தது என்பது கணக்கு.

சரி, களிம்புக்கு வருகிறேன்.

உள்ளே இருந்த முதன்மையான செம்புத்தாது சால்கோபைரைட். பித்தளை நிறம், புதிதாக உடைத்தால் பளபளக்கும். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதையும் வெள்ளீயத்தையும் தேடித்தான் அத்தனை பேரும் இறங்கினார்கள். என்னைக் கேட்டால் பொட்டாலக்கில் பார்க்கவேண்டிய கனிமம் அது கிடையாது. சால்கோபைரைட் உலகத்தில் எத்தனையோ சுரங்கங்களில் இருக்கிறது. இங்கே தனியாக இருப்பது, வெட்டித் திறந்த சுவரில் கடல்நீர் கசிந்து, காற்றும் பட்டு, தாது தன்பாட்டுக்குக் கெட்டு உண்டாக்கிய பச்சையும் நீலமும்தான்.

செம்பு எங்கே களிம்பேறினாலும் பச்சை வரும். ஆனால் எந்தப் பச்சை என்பதை அங்கே இருக்கிற தண்ணீர் முடிவு செய்கிறது. மழைநீரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் மாலகைட்: கார்பனேட், அடர்ந்த பச்சை. தாதுவில் இருந்த கந்தகம் சல்ஃபேட்டாக மாறிக் கூட வந்தால் லாங்கைட் போன்றவை: வான நீலம், நம் மயில்துத்தத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. கடல்நீர் புகுந்தால் குளோரைடு வந்துவிடும். அப்போதுதான் பொட்டாலக்கைட்.

ஊர்ப் பெயரையே வைத்த கனிமம். 1865இல், இளவரசர் இறங்கிய அதே ஆண்டு, ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் என்ற வேதியியலாளர் அதை விவரித்துப் பெயரிட்டார். இரண்டு பங்கு செம்புக்கு ஒரு பங்கு குளோரின், மூன்று பங்கு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி). அட்டகாமைட் என்ற கனிமத்துக்கும் இதே சேர்மானம்தான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. கிளினோஅட்டகாமைட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்த மூன்றில் மிகவும் நிலையில்லாதது பொட்டாலக்கைட். உப்புக் கரைசலிலிருந்து அதுதான் முதலில் படியும். ஆனால் அந்தக் கரைசல் தொடர்ந்து அதன் மேல் நின்றால், கரைந்து மறுபடி அட்டகாமைட்டாகவோ கிளினோஅட்டகாமைட்டாகவோ படிந்துவிடும். கசிவு சரியான நேரத்தில் நின்று காய்ந்தால்தான் பொட்டாலக்கைட் தப்பிக்கும். அது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். செம்பும் உப்பும் அங்கே எப்போதுமே உண்டு.

பழைய வெண்கலச் சிலைகளில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்துச் சிலையையே அரிக்கிற வெண்கல நோய் இருக்கிறதே, அதிலும் இதே குடும்பத்துக் குளோரைடுகள்தான். அருங்காட்சியகத்தில் ஈரமும் உப்பும் அண்டாமல் பார்த்துக்கொள்ள அவ்வளவு பாடுபடுகிறார்கள். பொட்டாலக்கில் கடலே வந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

உப்புக் கசிவைப் பற்றி ஒருவர் நேரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொட்டாலக்கிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் லெவன்ட், அதற்கடுத்து கீவர் சுரங்கம். 1990இல் மூடிய கீவர் இப்போது அருங்காட்சியகம். ஒரு காலத்தில் கீழே வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம், கடலுக்கடியில் இருப்பது உள்ளே உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மேலேயிருந்து சொட்டுற தண்ணி உதட்டுல பட்டா உப்புக் கரிக்கும்மா, அவ்வளவுதான்” என்கிற தொனியில் அவருடைய கார்னிஷ் ஆங்கிலத்தில் சொன்னார். செம்பு பற்றிக் கேட்டதற்கு, எங்களுக்கு வெள்ளீயம்தான் சம்பளம் கொடுத்தது, பச்சையைப் பார்க்க யாருக்கு நேரம் என்று சிரித்தார்.

லெவன்ட் பக்கம் கடல் குடைந்த ஒரு பிளவு இருக்கிறது. அதன் பாறைச் சுவரில் பச்சையும் காவியும் மேலிருந்து கீழாக வழிந்து காய்ந்திருப்பது பாதையிலிருந்தே தெரியும். காவி இரும்பு, பச்சை செம்பு. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நிறம் இரண்டு மடங்காகத் தெரியும். அதற்கு மேல் கிட்டப் போக ஆசைப்படக் கூடாது. விளிம்பு உதிரும், பழைய குழிகள் எங்கே திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கல்லையும் எடுத்து வருவதில்லை. நிலத்தைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு; இந்தக் கரை அறிவியல் முக்கியத்துவத்துக்காகச் சட்டப் பாதுகாப்பில் இருப்பது, 2006இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதி. அனுமதியில்லாமல் சுத்தியல் தூக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், கையால் துழாவவும் யோசிக்கவேண்டிய இடம் இது. தாதுவை வறுக்கும்போது எழுந்த ஆர்சனிக் புகையை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளில் குளிரவைத்துப் படியச் செய்து, அந்த வெள்ளைத் தூளை ஆட்களை உள்ளே அனுப்பிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். மூக்கில் பஞ்சு, தோலில் களிமண், இதுதான் பாதுகாப்பு. அந்த அறைகளின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பக்கத்திலேயே வீல் எட்வர்ட் என்ற பழைய சுரங்கத்தில் யுரேனியக் கனிமங்களும் கிடைத்திருக்கின்றன. செம்போடு யுரேனியம் சேர்ந்தாலும் பச்சை வரும், அதுவும் கண்ணைப் பறிக்கிற பச்சை. குழந்தைகளோடு போகிறவர்கள் சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வைப்பது நல்லது.

என்னிடம் இருப்பது காசு கொடுத்து வாங்கிய துண்டு. பழைய சேகரிப்பு ஒன்று பிரிந்து விற்பனைக்கு வந்தபோது 20 பவுண்டுக்கு வாங்கினேன். கட்டைவிரல் நகம் அளவு கரிய கில்லாஸ், அதன் ஒரு பக்கத்தில் நீலம் கலந்த வெளிர்பச்சைப் படலம். வெறும் கண்ணுக்குப் பாசி பிடித்தது போலத்தான் இருக்கும். பத்து மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் படலம் உடைந்து, மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது தெரியும். ஓரத்தில் ஒரே இடத்தில் ஆழ்ந்த நீலத்தில் ஊசி ஊசியாக ஒரு கொத்து. அது கொனெல்லைட் என்பது என் ஊகம். சல்ஃபேட், குளோரைடு இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் கனிமம் அது. அதன் முதல் மாதிரி வந்ததும் கார்ன்வாலிலிருந்துதான்.

பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்த துகள்களில் இரண்டு சோதனை செய்தேன். ஒன்றில் வினிகர் விட்டேன். மாலகைட்டாக இருந்தால் லென்ஸுக்குக் கீழே குமிழி வரவேண்டும். வரவில்லை. இன்னொன்றைக் கம்பி நுனியில் ஒட்டி அடுப்புச் சுடரில் காட்டினேன். சாதாரணமாகச் செம்பு சுடரைப் பச்சையாக்கும், குளோரைடு சேர்ந்த செம்பு நீலமாக்கும். ஒரு நொடி நல்ல நீலம். வீட்டுக்காரர்கூட அதைப் பார்க்க எழுந்து வந்தார்.

இடையில் அந்த வேதியியலாளர் சர்ச் பற்றி ஒன்று. பொட்டாலக்கைட்டுக்குப் பெயர் வைத்த சில ஆண்டுகளில், 1869இல், துராக்கோ என்ற ஆப்பிரிக்கப் பறவையின் சிவப்பு இறகில் இருக்கும் துராசின் என்ற நிறமியைப் பற்றி அவர் எழுதினார். அதிலும் செம்பு இருந்தது. மனிதர் எங்கே கை வைத்தாலும் செம்பு வந்திருக்கிறது.

என் துண்டுக்குத் திரும்பினால், சோதனை சொன்னது அது செம்புக் குளோரைடு என்பதை மட்டும்தான். பொட்டாலக்கைட்டா, எப்போதோ ஈரம் பட்டு அட்டகாமைட்டாக மாறிவிட்டதா என்று வினிகரும் சுடரும் சொல்லாது. அட்டையில் பழைய மையில் பொட்டாலக்கைட் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கலாம். உறுதி செய்ய, அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவிலகல் சோதனை வேண்டும், அதற்குப் படலத்தில் கொஞ்சத்தைச் சுரண்டிப் பொடியாக்கவேண்டும். இருப்பதே நகக்கண் அளவு. தெரிந்தவர் ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இப்போதைக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன்.