வெண்ணெய்க்குப் பதில் நெய்: பிஸ்கட்டில் செய்து பார்த்த கணக்கு

அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கப் வெண்ணெய் என்றால் 227 கிராம். கெட்டி வெண்ணெயைக் கப்பில் அடைத்தால் இடையிடையே காற்று தங்கிவிடும் என்பதால் நான் தராசில்தான் நிறுக்கிறேன். தராசு இல்லாதவர்கள், அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, அது 120 மி.லி. உயரும்வரை வெண்ணெயைப் போட்டால் ஏறக்குறைய 110 கிராம் கிடைக்கும். வெண்ணெய் மிதக்கும் என்பதால் கரண்டியால் அமுக்கிப் பிடித்தே அளவைப் பார்க்க வேண்டும்.

எடையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெண்ணெயில் இருக்கும் தண்ணீர்தான். கடை வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வரும், மோர் கடைந்தெடுத்த வெண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, 100 கிராமைச் சிறு தீயில் வைத்து, சடசடப்பு அடங்கிக் கசடு பொன்னிறமாகும்வரை உருக்கி, வடிகட்டி நிறுத்தேன். (நெய் உருக்கும்போது முருங்கைக்கீரை போடுவது வழக்கம்தான், இலை நெய்யைக் குடித்துவிட்டு எடையைக் குழப்பும் என்று அன்று போடவில்லை.) கிடைத்த நெய் 72 கிராம். ஆகவே 100 கிராம் கடை வெண்ணெய் கேட்கும் இடத்தில் இந்த வெண்ணெயில் 110 கிராம் எடுத்துக்கொண்டு, பாலைச் சற்றுக் குறைக்கிறேன்.

நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை. 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தபோது பிஸ்கட் நன்றாக வந்தது; நெய்யையே 100 கிராம் போட்டதில் தட்டில் பரவி ஓரம் எண்ணெயாகக் கசிந்தது. உப்பு வெண்ணெய் கேட்கும் செய்முறையென்றால் ஒரு சிட்டிகை உப்பும் தனியே போட வேண்டும்.

சீனியோடு சேர்த்து அடிக்கும்போது கெட்டிக் கொழுப்புதான் காற்றைப் பிடித்துவைக்கும். அறை வெப்பநிலை வெண்ணெய் என்று செய்முறைகள் சொல்வது 18 முதல் 20 டிகிரியை. சித்திரை மாதத்து நெல்லையில் அந்த அறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெய் அப்போது நாள் முழுக்க எண்ணெயாகவே கிடக்கும். குளிர்பெட்டியில் வைத்து, மணல் மணலாக உறைந்து கரண்டி தடையின்றி இறங்கும் பதத்தில் எடுத்து அடித்தால் மாவு லேசாகிறது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடுவதால், மார்கழிக் காலைகள் நீங்கலாக இங்கே அது திரவம்தான். பேக்கிங் பவுடரை நம்பி எழும்பும் கேக்குக்கு அதனால் குறையில்லை. அங்கும் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம்தான் கணக்கு. உடன்குடிக் கருப்பட்டி சேர்த்த கேக்குக்கு, என் நாக்குக்கு, வெண்ணெயைவிட இதுவே பொருத்தம்.

உருக்கி வடித்த பன்றிக்கொழுப்பும் டால்டாவும் முழுக் கொழுப்பே என்பதால் அளவில் நெய்யைப் போலத்தான். பன்றிக்கொழுப்பு, உள்ளே பழமோ இறைச்சியோ வைத்துச் சுடும் ‘பை’ (pie) பண்டத்தின் மேலோட்டை நன்கு பொறுபொறுவென்று ஆக்கும். டால்டாவுக்கு இந்த வெயிலிலும் கட்டி நிற்கும் குணம் உண்டு, ஆனால் வாசனை கிடையாது. பாதி டால்டா, பாதி நெய் என்று கலந்து செய்த உப்பு பிஸ்கட்டைத்தான் இப்போது வீட்டில் திரும்பக் கேட்கிறார்கள்.