உளர் என்றால் உஷார்

எம்.ஏ. முதல் வருடம் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய பழைய உரையைத் திறந்தபோது ஒரு பக்கம் தாண்ட ஒரு மணி நேரம் ஆனது. சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்தேன். தவறு அங்கேதான்.

உரையாசிரியருக்குச் சில வாடிக்கைச் சொற்கள் உண்டு. அதிகாரத் தலைப்பை அடுத்து 'அஃதாவது' வந்தால் விளக்கம் தொடங்குகிறது. கடைசியில் 'கூறப்பட்டது' என்று முடிந்தால் அதுதான் சாரம். முதல் குறளுக்கே 'இப்பாட்டான் முதற்கடவுளது உண்மை கூறப்பட்டது' என்று முடித்திருப்பார். நேரமில்லாத நாளில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'என்பாரும் உளர்'. இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயர் இல்லை, சண்டை இல்லை. ஆனால் பெரும்பாலும் அவருக்கு அதில் உடன்பாடு இல்லை! தேர்வில் இதையே அவருடைய கருத்து என்று எழுதி மதிப்பெண் இழந்தவன் நான்.

தொல்காப்பியத்தில் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று வருவதும் இதே ஜாதி. 'முன்னோர் சொன்னது' என்ற அடையாளம். அதைச் செய்யுள் நிரப்ப வந்த சொல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நேற்று அக்கா மகள் ஒரு ஆங்கில ஆய்வுக் கட்டுரையை வரிக்கு வரி மஞ்சள் பூசி வைத்திருந்தாள். 'சிலர் வாதிடுகின்றனர்' என்ற பொருளில் வந்த வாக்கியத்திற்கும் மஞ்சள்.

"இது உளர் கேஸ்டா. அடுத்து 'ஹவெவர்' வருதா பாரு" என்றேன்.

வந்தது.