வலி நின்ற பல்

செப்டம்பர் 18, 2024, சாட்ஸ்வர்த், டர்பன்

புரட்டாசி பிறந்த மறுநாளான இன்று, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கன்ன வீக்கத்தோடும் கடும் காய்ச்சலோடும் எங்கள் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் கருத்துப்போயிருந்தது. "போன மாதம் வலியென்று அழுதாள் சிஸ்டர், பிறகு தானாகவே நின்றுவிட்டது, பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்றார் பாட்டி.

வலி நின்றது நல்ல செய்தியன்று. பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளிருக்கும் பற்கூழோ பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் சொத்தை அதை விரைவில் எட்டிவிடுகிறது. கூழிலுள்ள நரம்பு செத்ததும் வலி அடங்கிவிட, கிருமிகள் வேர் வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன.

செப்டம்பர் 20

மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தத்தில், வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி வளர்ந்திருக்கிறது. பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடச் சில கிருமிகள் இரத்தத்தில் கலப்பதுண்டு என்பதையும், நலமுள்ள உடல் அவற்றை விரைவில் அழித்துவிடும் என்பதையும் சொல்லாமல் விட்டால் இது வெறும் பயமுறுத்தலாகிவிடும். ஆனால் சீழ்க்கட்டியிலிருந்து கிருமிகள் ஓயாமல் கலந்துகொண்டிருந்தாலோ, குழந்தையின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோ, உடலின் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைக் குலைக்கும் செப்சிஸ் உண்டாகலாம். பிறவி இதயக் குறை உள்ளவர்களுக்கும், தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஓயாத ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றை அடுத்து வந்து இதயத்தைத் தாக்கும் நோய்) இதய வால்வு பழுதானவர்களுக்கும், கிருமி இதயத்திலேயே ஒட்டி வளரும் ஆபத்தும் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், பல்லின் சீழ் மூளைவரை பரவி 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது என்று செய்தித்தாள்கள் எழுதின.

செப்டம்பர் 22

காய்ச்சல் இறங்கிவிட்டதே, பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்கிறார் பாட்டி. ஊசி வழியே செலுத்தும் ஆன்டிபயாடிக் இரத்தத்திலுள்ள கிருமியை அடக்கும். இரத்த ஓட்டமற்ற செத்த பல்லுக்குள் அது போய்ச் சேராது. மருந்தை நிறுத்தினால் மீண்டும் கிளம்பும் என்று மருத்துவர் விளக்கிய பின்னரே இசைந்தார்.

செப்டம்பர் 24

பல்லை எடுத்துச் சீழையும் வடித்தாயிற்று. வீக்கத்தோடு காய்ச்சலும் சோர்வும் வேகமான மூச்சும் சேர்ந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று தாயிடம் சொன்னேன். அப்போதுதான், இரண்டு வயதுத் தம்பி இனிப்புத் தேநீர்ப் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவான் என்று தெரிந்தது. 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரைப் பான வரி, வீட்டில் கலக்கும் தேநீரைத் தொடுவதில்லை. உறக்கத்தில் உமிழ்நீரும் குறைவு, இனிப்பைக் கழுவிவிட ஏதுமில்லை. அவனுடைய முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு வெள்ளையில் கோடு தெரிகிறது, சொத்தையின் தொடக்கம் அது. குழி விழுமுன் ஃபுளோரைடு பூசினால் சொத்தையை நிறுத்த வாய்ப்புண்டு என்பதால், அவனையும் பல் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்.