பழைய டிடிடி

மூன்று வாரமாக ஜெல்லில் பேண்ட் வரவில்லை. புரதம் டிஎன்ஏவைப் பிடித்திருந்தால் அங்கே ஒரு கோடு, அதாவது பேண்ட், தெரிய வேண்டும். மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் இ2 புரதம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. வைரஸ் டிஎன்ஏ நகலெடுக்கத் தொடங்கும் இடத்துக்கு இ1 என்ற ஹெலிகேஸை, அதாவது டிஎன்ஏவின் இரட்டை இழையைப் பிரிக்கும் நொதியைக் கூட்டிவந்து உட்கார வைப்பது இந்த இ2தான். என் குழாயில் அது டிஎன்ஏவைத் தொடக்கூட இல்லை.

புரதம் செத்துவிட்டது, திரும்ப பாக்டீரியா வளர்த்துச் சுத்திகரிக்க வேண்டியதுதான் என்று குப்பிகளை எடுத்துக் கொட்டப் போனேன். பக்கத்து மேசை அக்கா, "பஃபர்ல டிடிடி எப்ப போட்டே?" என்று கேட்டார். புரதம் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கக் கரைசலில் சேர்க்கும் டைதியோத்ரைட்டால்தான் டிடிடி. போட்டு நாலு நாள் ஆகியிருந்தது, அதுவும் மேசைமேலேயே. பிஹெச் 8.5-இல், 20 டிகிரியில், டிடிடி ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். சரி, புதிதாகக் கரைத்தேன். மூடியைத் திறந்ததுமே கந்தக நெடி மூக்கில் ஏறியது. அதே பழைய புரதத்தில் விட்டு, அரை மணி நேரம் ஐஸில் வைத்தேன். மறுநாள் ஃபிலிமைக் கழுவியபோது மேலே கறுப்பாக ஒரு கோடு. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணத்தை 1992-லேயே மெக்பிரைட், கிளவுஸ்னர், ஹவ்லி மூவரும் எழுதியிருக்கிறார்கள். இ2வின் 340-ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அதன் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் புரதம் டிஎன்ஏவைப் பிடிக்காது. அவர்கள் காட்டியதை நானும் செய்து பார்த்தேன். முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யும் டயமைடு, அப்புறம் டிஎன்ஏ என்று கலந்த குழாயில் பேண்ட் இல்லை. டிஎன்ஏவை முதலில் பிடிக்கவிட்டு அதற்குப் பிறகு டயமைடு ஊற்றியதில் பேண்ட் அப்படியே நின்றது. கலந்த பொருள்கள் ஒன்றுதான், வரிசைதான் வேறு. பிடித்த பிடிக்குள் அந்தச் சிஸ்டீன் பத்திரமாக இருக்கிறது போல.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இன்னொன்று. அந்தச் சிஸ்டீனை எடுத்துவிட்டு வேறு அமினோ அமிலத்தை வைத்தாலும் இ2 டிஎன்ஏவை நன்றாகவே பிடிக்கிறது, ஆக்சிஜனேற்றத்துக்கும் அசைவதில்லை. அப்படியிருந்தும் பாப்பிலோமா வைரஸ்களில் பெரும்பாலானவை அதை மாற்றாமல் வைத்திருக்கின்றன. பிடிப்பதற்குத் தேவையில்லாத ஒன்றை எதற்கு வைத்திருக்க வேண்டும்? செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற நிலை மாறும்போது நகலெடுப்பை ஏற்றவும் இறக்கவும் அது உதவலாம் என்பது அவர்கள் ஊகம். சோதனைக் குழாயில் கண்டதை வைத்துச் செல்லுக்குள்ளும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்று கொட்டவிருந்த அந்தக் குப்பி எனக்கு வெறும் கெட்டுப்போன புரதமாகத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் டிடிடியைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைக்கிறேன். மூடியில் தேதி எழுதாத குழாயை யாரும் எடுக்கக் கூடாது.