திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கும் வீடு

பைப் ஒழுகினால் திருத்துவேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டு, விசிறி நின்றால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் சொல்லிச் சிரிக்கும்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே செலவு உண்டு, கதை இல்லை. ஒரு குறடும் இரண்டு திருப்புளியும் பழைய பிஸ்கற் பேணி நிறையத் திருகாணிகளும் வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடுறதோ?" என்று கேட்பவர்கள் இருக்கும் வீடுகளில்தான் கதைகள் பிறக்கின்றன. எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. வேலை தெரியாததால் அவர்கள் கையில் எதுவும் பழுதாய்ப்போனதை நான் பார்த்ததில்லை. கை தலையை முந்திக்கொண்டு ஓடும் அளவுக்கு வேலை தெரிந்திருந்ததால் பழுதாய்ப்போனவைதான் அதிகம்.

திருகோணமலையில் இத்தகையவர்களுக்கு ஓய்வும் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் பெருங்கடலுமாக இருக்கும் நகரத்தில், உப்புக் காற்று எட்டாத ஆணியும் இல்லை, பிணைச்சலும் இல்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று சுட்டெரிக்கும்போது விசிறிகள் இரவு பகலாகச் சுழன்று தேய்கின்றன. மார்கழி மழையில் மரக்கதவுகள் ஊதி, நிலையோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே வருடம் முழுவதும் யாராவது எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பார்கள்.

என் அப்பா தன் வேலைக்காலம் முழுவதையும் துறைமுகத்தை அண்டிய வேலைத்தளம் ஒன்றில் மரையாணிகளோடு கழித்தவர். சிறுவயதில் எங்களுக்குத் திருகாணி பூட்டப் பழக்கியபோது, கோணேசர் கோவிலை வலம் வருவதுபோல வலப்புறமாகச் சுற்றினால் இறுகும், மாறிச் சுற்றினால் கழரும் என்று சொல்லித் தந்தார். அந்தச் சூத்திரத்தை நாங்கள் மறந்தாலும் அவருடைய கை மறக்காது. ஒரு கச்சான் காலத்தில், மேசைவிசிறியின் அச்சுக்கு எண்ணெய் விடுவதற்காக முன்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறிய பிளாஸ்ரிக் மூடியில் கை வைத்தார். கை தன் பாட்டில் இடப்புறம் திரும்பியது. மூடி அசையவில்லை. துருப்பிடித்துவிட்டது என்று தீர்மானித்து மண்ணெண்ணெய் எடுத்துவரச் சொன்னார். பிளாஸ்ரிக் எப்படித் துருப்பிடிக்கும் என்று அம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை. மண்ணெண்ணெயை விட்டு, சற்றுப் பொறுத்து, துணி சுற்றிக் குறட்டால் இறுகப் பிடித்து, ஆயுள்கால அனுபவம் முழுவதையும் மணிக்கட்டில் திரட்டி ஒரு திருப்புத் திருப்பினார். மூடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அலுமாரிக்குக் கீழே போனது.

அந்த மூடியின் மரை, அதாவது உள்ளே வெட்டியிருக்கும் திருகு வரி, எதிர்த்திசை மரை. முன்னால் நின்று பார்த்தால் மேசைவிசிறியின் இறக்கை பொதுவாக வலஞ்சுழியாகத்தான் சுற்றுகிறது. அச்சு சடுதியாகச் சுழலத் தொடங்கும்போது மூடி சற்றுப் பின்தங்கும். சாதாரண மரையாக இருந்தால் அந்தப் பின்தங்கல் அதைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடும் என்பதால், மரையை மாற்றி வெட்டி, சுழலச் சுழல இறுகும்படி செய்திருக்கிறார்கள். சைக்கிளின் இடப்பக்க மிதிக்கும் இதே மாற்று மரைதான். இதெல்லாம் அப்பாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். இடப்பக்க மிதிகளை எத்தனையோ முறை சரியான பக்கம் திருப்பிக் கழற்றியவர் அவர். மூடியின் முகப்பிலேயே எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறியும் இருந்தது, தூசுக்கு அடியில்.

புது மூடி வாங்கப் பிரதான வீதிக்குப் போனபோது, அங்கே ஒரு கடைக்காரர் இனிப்பு விற்கும் கண்ணாடிப் போத்தல் நிறைய இந்த மூடிகளை மட்டும் போட்டு வைத்திருந்தார். அப்பாவுக்கு அந்தப் போத்தல் தந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து, இறக்கையைச் செருகி, மூடியை இம்முறை சரியான திசையில் இறுக்கி, முன்கூட்டையும் கையில் எடுத்த பிறகுதான், இறக்கைக்கு முன்னதாகப் பூட்டியிருக்க வேண்டிய பின்கூடு சுவரில் சாய்ந்தபடி நிற்பதைக் கண்டார்.

இந்தத் தன்மை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இரவு விருந்துக்கு உடை மாற்றுவதற்காகப் படுக்கையறைக்குப் போன மறதிக்காரர்கள், ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போய்க் கடைசியில் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவதுண்டு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். முதல் சில அசைவுகள் தினமும் செய்பவையாக இருந்ததால், மிச்சத்தையும் உடம்பே நடத்தி முடித்துவிட்டது. மனிதத் தவறுகளை ஆராய்ந்து பெயர்பெற்ற பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், தான் அந்த ஆராய்ச்சிக்கு வந்த காரணத்தைச் சொல்லும்போது, 1970களின் தொடக்கத்தில் ஒருநாள் தேநீர் தயாரித்துக்கொண்டிருக்கையில் பூனை வந்து கத்த, அதன் உணவை ஒரு கரண்டி அள்ளித் தேநீர்க் கேத்தலுக்குள் போட்டதைக் குறிப்பிடுவார். இத்தகைய சறுக்கல்கள் நன்கு பழகிய வேலைகளில், கவனம் வேறெங்கோ இருக்கும்போதுதான் பெரும்பாலும் நேர்கின்றன என்பது அவருடைய ஆய்வுகளில் தெளிவாக வந்த செய்தி. அப்பாவிடம் இதைச் சொன்னேன். பூனை கத்தியிருந்தால் யாருக்கும் அப்படித்தான் நடக்கும் என்று ரீசனுக்காகப் பரிந்து பேசினாரே தவிர, விசிறிக் கதைக்கு வரவில்லை.

எங்கள் குடும்ப வரலாற்றில் முதலிடம் உப்புவெளியில் இருக்கும் சித்தப்பாவுக்குத்தான் தரப்பட வேண்டும். அவர் முன்பு குடியிருந்த வீட்டில் எல்லாப் பைப்புகளுக்கும் தெருக் குழாயிலிருந்து நேரடியாகத் தண்ணீர் வந்தது. ஆகவே வாசர் மாற்ற வேண்டுமென்றால், படலையடியில் இருக்கும் வால்வைப் பூட்டிவிட்டு வந்து பைப்பின் தலையைக் கழற்றுவார். புதிய வீட்டிலோ, கந்தளாயிலிருந்து வரும் குழாய்த்தண்ணீர் முதலில் கொங்கிரீற் தூணின்மேல் இருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியில் ஏறி, அங்கிருந்துதான் குளியலறைக்கும் குசினிக்கும் இறங்குகிறது. இந்த மாற்றத்தைத் திட்டமிட்டு, கூலியாட்களை நிறுத்தி, மேற்பார்வை செய்து முடித்தவரே சித்தப்பாதான். ஆயினும் குளியலறைப் பைப் சொட்டத் தொடங்கிய அன்று, கால்கள் அவரை நேரே படலையடிக்குக் கொண்டுபோயின. வால்வை இறுகப் பூட்டிவிட்டுத் திருப்தியோடு திரும்பினார். தண்ணீர் நின்றுவிட்டதா என்று பைப்பைத் திறந்து பார்ப்பது ஒரு நொடி வேலை. பழைய வீட்டில் அதற்குத் தேவை இருந்ததில்லை.

தலை கழன்ற கணத்தில், தூணின் உயரத்திலிருந்து இறங்கிய தண்ணீர் அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டு எதிர்ச்சுவரில் மோதியது. தாங்கி ஐந்து மீற்றர் உயரத்தில் இருந்தால் அரை வளிமண்டல அளவுக்கு அழுத்தம் வந்துவிடும். பெருவிரலால் அடைக்கலாம், ஆனால் விரலை எடுக்க முடியாது. பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே, "தண்ணியப் பூட்டு! கெதியாப் பூட்டு!" என்று சத்தமிட்டார். சித்தியும் தாமதிக்கவில்லை. அவருக்கும் பழக்கமான வால்வு படலையடியில் இருப்பதுதான். ஏற்கெனவே பூட்டியிருந்த அதைப் பிடித்துத் திருப்பும் பக்கமெல்லாம் திருப்பினால் அது திறக்கத்தானே செய்யும்? அதுவரை தாங்கியில் இருப்பது வடிந்தால் தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இப்போது மட்டம் இறங்க இறங்க மிதவை தாழ்ந்து, கந்தளாய்த் தண்ணீர் தாராளமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பூட்டிட்டனப்பா, இன்னும் கூடத்தான் வருது!" என்றார் சித்தி.

தாங்கியின் அடியில் இருந்த வால்வைப் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து கண்டுபிடித்தான். கடற்காற்றில் கைப்பிடி இறுகிக் கிடந்ததால் அதைத் திருப்ப ஒரு பெரிய குறடு தேவைப்பட்டது. குறடு குளியலறைக்குள், சித்தப்பாவின் காலடியில், தண்ணீருக்குள் இருந்தது.

மின்சாரக் கதைகள் இவ்வளவு ஈரமானவை அல்ல. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு மின்குமிழை மாற்றினார், அதுவரை மெச்ச வேண்டிய காரியம். மாற்றியதும் சுவிச்சைப் போட்டார், எரியவில்லை. குமிழில் பிழை என்று அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்; கடைக்காரர் செருகிக் காட்டியபோது எரிந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி பூட்டினார், மறுபடி எரியவில்லை. இரண்டாம் முறை கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதுதான் மெயின் சுவிச் ஞாபகத்துக்கு வந்தது என்று அவரே சொன்னார்.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, எழுத்து வாரியாகப் பகுதிகளைப் பிரித்து அட்டவணை வெளியிட்டார்கள். அட்டவணை மாறிக்கொண்டே இருந்தது. மாமாவின் மனதில் இருந்தது முதல்நாள் அட்டவணை. சம்பல் அரைக்கக் கிரைண்டர் சுழலவில்லை என்று கேள்விப்பட்டதும், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று அதைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றத் தொடங்கினார். பிரஷைத் தேய்த்துத் துடைத்து, உள்ளே அடைந்திருந்த பழைய மிளகாய்த்தூளையெல்லாம் தட்டிக் கொட்டிப் பூட்டிப் பார்த்தார், அசையவில்லை. மறுபடியும் கழற்றினார். மாமி தலைக்கு மேலே நின்றுபோயிருந்த விசிறியை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "சொன்னா இடையில விட்டிட்டு எழும்பிடுவார். எத்தனை நாளா அதைத் துடைக்கச் சொல்லிக் கேட்டனான்" என்று பிறகு எங்களிடம் விளக்கினார். மாமா களைத்துப்போய் முகம் கழுவப் போன நேரத்தில் மின்சாரம் வந்தது. சுவிச் போட்டபடியே கிடந்த கிரைண்டர், மேசையில் பரப்பியிருந்த திருகாணிகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு எழுந்தது. முகத்தில் சவர்க்காரத்தோடு ஓடிவந்த மாமா சொன்னது: "பாத்தியா, திருத்திட்டன்!"

உவர்மலையில் இருக்கும் நண்பரின் வேலை மட்டும் எந்தக் குறையும் இல்லாதது. முன்கதவின் பூட்டு துருவேறிவிட்டதால், இழுத்தவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும் புதிய பூட்டு ஒன்றை வாங்கி, உளியால் மரத்தை அளவாகச் செதுக்கி, மயிரிழையும் பிசகாமல் பொருத்தினார். வேலை முடிந்ததும் சட்டைப்பையில் திறப்பு இருக்கிறதா என்று வழமைபோலத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். பையில் இருந்தது பழைய பூட்டின் திறப்பு. புதிய திறப்புகள் மூன்றும், கைபேசியும், சாப்பாட்டு மேசையில் உறை பிரிக்கப்படாமல் கிடந்த பொதியோடு உள்ளே இருந்தன. கோவிலுக்குப் போயிருந்த மனைவி வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் நடந்ததையெல்லாம் முழுமையாகக் கேட்டுக்கொண்டே, தன் கைப்பையிலிருந்து பழைய திறப்பை எடுத்துப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் இரண்டு ஓடுகளைக் கழற்றி மகனை உள்ளே இறக்கினார்கள். பழைய திறப்புகளை எறிய நண்பருக்கு இன்னும் மனமில்லை. எப்போதாவது தேவைப்படும் என்பது அவர் கட்சி.