அரை நாள் கூலி

காரைக்குடியில் கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்துகொடுக்கும் ஓர் இடத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். மேற்பார்வையும் என் தலையில்தான். முதலாளி எழுபதைத் தொட்ட ஓர் ஆச்சி. வேலைக்கு வருகிற பெண்கள் பதினான்கு பேர், பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள்.

சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு பதிவேடு போட்டேன். எட்டரை தாண்டி வந்தால் சிவப்பு மை. மூன்று சிவப்பு சேர்ந்தால் அரை நாள் கூலி பிடித்தம். ஆச்சி கேட்டு நான் போட்டதல்ல. ஒழுங்கு வேண்டும் என்று நானே போட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்தான் வாத்தியார். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற பைபிளின் எபேசியர் வசனத்தை மனப்பாடம் செய்யவைப்பேன். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு. தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் கிடையாது.

எங்கள் சபையில் சட்டமா கிருபையா என்ற பேச்சு ஓயாது. நகை போடலாமா, சினிமா பார்க்கலாமா, பத்தில் ஒரு பங்கு காணிக்கையான தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா கைக்கு வருவதிலா என்று ஒரு பக்கம். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணமெல்லாம் சிலுவையோடு முடிந்தது, இனி எதுவும் கட்டாயமில்லை என்று இன்னொரு பக்கம். இரண்டாவது கட்சிக்கு அப்போஸ்தலர் பவுலே ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பதில் சொல்லிவிட்டார்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே. முதல் கட்சிக்கு, சட்டத்தைக் கடைப்பிடித்து யாரும் நீதிமானாவதில்லை என்கிற அவருடைய கலாத்தியர் கடிதம் முழுவதும் பதில். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் காலத்திலிருந்து இதற்காகச் சபைகள் பிரிந்து கிடந்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தர் வழிவந்த லுத்தரன்களும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்கிரியைக்கும் நம்மைத் தயார்படுத்துகிறது என்பது அதன் சாரம். இதையெல்லாம் நான் சரளமாகப் பேசுவேன். சிவப்புப் பேனா மட்டும் சட்டைப் பையில் அப்படியே இருக்கும்.

மனகோலம் என்ற செட்டிநாட்டு இனிப்புக்குப் பாகு காய்ச்சுகிற ஓர் அக்கா இருந்தார். ஒரே வாரத்தில் நாலு சிவப்பு. வீட்டில் மாமியார் படுக்கையில். எனக்குத் தெரியும், இருந்தாலும் பிடித்தேன். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஆச்சி பதிவேட்டில் விரலை வைத்து, "இது என்ன தம்பி?" என்றார். விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுருக்குப் பையிலிருந்து மீதிப் பணத்தை எடுத்து அந்த அக்கா கையில் வைத்தார்.

எனக்கு உள்ளே எரிந்தது. நேரத்துக்கு வருகிற மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்போதுதான் இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து உவமை ஞாபகம் வந்தது. விடியற்காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாயும் நேரத்தில், வந்தவனுக்கும் ஒரே கூலி. முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தபோது தோட்டத்து எஜமான் கேட்கிறான்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" நான் தாராளமாகக் கொடுத்தால் உனக்கு ஏன் பொறாமை என்று அர்த்தம். எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பேன்! அந்தக் கதையில் முறுமுறுக்கிறவர்கள் யாரோ பழைய காலத்து யூதர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆச்சி இளகின மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் விஷயத்தில், பாகு விஷயத்தில் அவரிடம் ஒரு சலுகையும் நடக்காது. மனகோலத்துக்கு வெல்லப்பாகு உருட்டுப் பதம் வர வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று விழ வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மறுநாளே பிசுபிசுக்கும். கொஞ்சம் விட்டால் முறுகிக் கசக்கும். சரியில்லை என்றால் மொத்த அண்டாவையும் கொட்டச் சொல்லிவிடுவார். ஆனால் கொட்டிய பாகுக்கு ஒருவர் கூலியிலும் கை வைத்ததில்லை.

நான் பாகுக்கும் பிடித்தம் வைக்கலாம் என்று ஒருமுறை யோசனை சொன்னேன். "அப்படிச் செஞ்சா முறுகின பாகை நல்ல பாகோட கலந்துருவாங்க தம்பி" என்றார்.

அது நடந்தும் இருந்தது, வேறு விதத்தில். என் பதிவேடு வந்த பிறகு, லேட்டாக வருகிறவர்களுக்குக் கடிகாரத்துக்குக் கீழே இருக்கிறவர் எட்டு இருபத்தைந்து என்று சொல்லி எழுதவைப்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். நியாயப்பிரமாணத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த பரிசேயரைப் பற்றி இயேசு சொன்னபோது வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்து, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்றார். இவற்றையும் செய்ய வேண்டும், அவற்றையும் விடக்கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். சீரகத்தை நிறுத்துப் பார்ப்பது தப்பில்லை, எங்கள் இடத்தில் தினமும் நிறுத்தோம். நிறுக்கிறவன் தன்னையும் அதே தராசில் வைத்து, எடை சரியாகவே இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்வதில்தான் கோளாறு.

அந்த அக்கா அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை லேட். ஆனால் ஒரு சாயங்காலம், ஆச்சி ஊரில் இல்லாதபோது, அவரே என்னிடம் வந்து, "சார், பாகு முறுகிருச்சு, கொட்டிடறேன்" என்றார். நான் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

என் முறையும் வந்தது. வைகாசி மாதம், கல்யாண ஆர்டர் ஒன்றை வியாழனுக்குப் பதில் சனி என்று எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாரைக் குறை சொல்லலாம், தேதியை எப்படித் திருத்தலாம் என்று ஒன்றரை நாள் அலைந்தேன். பதிவேட்டை எழுதியவனே பதிவேட்டுக்குப் பயந்தவனாகத் திரிந்தேன். புதன் மத்தியானம் வேறு வழியில்லாமல் ஆச்சி முன்னால் நின்றேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மாவு திரிச்சிருக்கலாமே. சரி, அடுப்பை மூட்டச் சொல்லு."

இரவு பத்தரை வரை எல்லாரும் இருந்தார்கள். அந்த அக்காதான் பாகு அடுப்பில் நின்றார். நான் அண்டா கழுவினேன்.